பொம்மைக் காரும் பணப்பையும்

லீவுக்குப் பாரீசிலிருந்து வந்த பேரன் எனக்கு ஒரு பொம்மைக் கார் கொண்டுவந்தான். கறுப்பு சித்ரோயன், 'திராக்சியோன் அவான்'. அசலில் 43-ல் ஒரு பங்கு; உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. "கேங்ஸ்டர் கார் தாத்தா, அதனாலதான் வாங்கினேன்" என்றான். அட்டைப்பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருந்தது.

பொய்யில்லை. 1934-ல் வந்த வண்டி. இஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றும். தரையோடு தாழ்ந்து ஓடுவதால் வளைவில் தடுமாறாது. 1946-ல் பியேர் லூத்ரேல் கும்பல் இதில் வந்துதான் கொள்ளையடித்தது. பத்திரிகைகள் கும்பலுக்கே காரின் பெயரை வைத்தன. ஆனால் கெஸ்டபோவும் இதைத்தான் ஓட்டியது. 1944-ல் பாரீசை மீட்கப் போராடியவர்கள் கதவில் வெள்ளை எழுத்து எழுதி ஓட்டியதும் இதையேதான். ஊர் டாக்டர்களும் வைத்திருந்தார்கள். பெட்டியில் டாக்டரைக் காணோம். லூத்ரேல் யாரென்றால், யுத்தத்தில் ஜெர்மானியருக்குக் கூலிவேலை செய்தவன்.

இந்த மோகம் அதற்கும் பழையது. 1911 டிசம்பர் 21, பாரீஸ், ஒர்தெனேர் தெரு. போனோ கும்பல் பாங்கு சிப்பந்தி ஒருவரைச் சுட்டு, பணப்பையைப் பறித்துக்கொண்டு காரில் பறந்தது. அது திருடிய 'தெலோனே பெல்வில்'. ரஷ்ய ஜார் மன்னரே வைத்திருந்த உயர்ந்த ரகம். மூன்று மாதம் கழித்து ஷாந்திய்யி ஊர் பாங்கில் இரண்டு குமாஸ்தாக்களைக் கொன்றார்கள். போனோ பெயரில் சினிமாகூட வந்துவிட்டது. பை சுமந்தவர் பெயர் காபி. இரண்டு குண்டு பட்டும் பிழைத்தார். அவரை யார் பொம்மை செய்யப்போகிறார்கள்?

எனக்கு இது உறைக்கக் காரணம் உண்டு. உத்தியோக காலத்தில் மாதக்கடைசியில் கஜானாவிலிருந்து ஆபீசுக்குச் சம்பளப் பணம் நான்தான் கொண்டுவருவேன். கான்வாஸ் பை, கூட ஒரு பியூன், சைக்கிள் ரிக்ஷா. வழியெல்லாம் பை மடியிலேயே இருக்கும். பின்னால் ஹாரன் அடித்தால் வயிற்றைப் பிசையும். எங்களை யாரும் சுடவில்லை, அவ்வளவுதான்.

மாடல் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அழகான வண்டி, மேசைமேல்தான் வைத்திருக்கிறேன். விற்பதற்குக் கொலைகாரன் பெயர் எதற்கு என்றுதான் கேட்கிறேன். அப்படியே போடுவதென்றால் சுடப்பட்டவன் பெயரையும் சின்ன எழுத்திலாவது போடட்டுமே.

பேரனிடம் ஒர்தெனேர் தெருக் கதையைச் சொன்னேன். "காபியா? குடிக்கிற காபியா?" என்று சிரித்தான். பிறகு, அந்த ஆளுக்குப் பணம் திரும்பக் கிடைத்ததா என்று கேட்டான். அது அவருடைய பணமே இல்லையடா என்றேன்.