மஞ்சளுக்கு எதற்கு மாத்திரை?

பொங்கலுக்கு முந்தின நாள் வடசேரி கனகமூலம் சந்தையில் போய் நின்று பாருங்கள். மஞ்சள் குலை இல்லாமல் ஓர் ஆள் வெளியே வரமாட்டார். அதே வடசேரியில் என் சித்தி ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். 60 கேப்சூல். 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று கொட்டை எழுத்து. விலை ஆயிரத்துக்குப் பக்கம்.

"மூட்டுக்கும் சுகருக்கும் நல்லதாம் மக்கா. செடியில இருந்து எடுத்ததுதானே, ஒண்ணும் செய்யாது."

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மூன்று வாரமாயிற்று. அந்த மூன்று வாரமும் டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையைத் தொடவில்லை!

எனக்குக் கோபம் சித்தி மேல் இல்லை. டப்பா மேல்.

நான் படித்தது பி.காம். கெமிஸ்ட்ரி தெரியாது, கணக்கு கொஞ்சம் தெரியும். 100 கிராம் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 கிராம். விழுங்கினால் ரத்தத்தில் போய்ச் சேருவது சொற்பத்திலும் சொற்பம். ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற பட்டம் பெரும்பாலும் சோதனைக் குழாயில் வாங்கிய மார்க். குழாயில் பாஸானது உடம்பிலும் பாஸாகுமா? பீட்டா கரோட்டினும் அதே பட்டம் வாங்கியதுதான். ஃபின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். குறையவில்லை சார், கூடியது!

சரி, குர்குமின் கதை என்ன? 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளுக்குப் பிறகும் முறையான சோதனை ஒன்றில்கூட அது ஜெயிக்கவில்லை என்று 2017-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் எழுதினார்கள். அதற்கப்புறம் தாய்லாந்தில் ஒரு சோதனை. அஜீரணக் கோளாறுக்கு ஒமெப்ரசோல் அளவுக்குக் கேட்கிறது என்று 2023-ல் வெளியிட்டார்கள். நல்ல விஷயம், ஒப்புக்கொள்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரையை நிறுத்தலாம் என்று அதில் எங்கே இருக்கிறது?

ரத்தத்தில் சேரவில்லையா, மிளகைச் சேர் என்கிறார்கள். மிளகின் பைப்பரின் சேர்ந்தால் குர்குமின் 20 மடங்கு ஏறுகிறது என்று 1998-ல் கண்டுபிடித்தது பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள்தான். ஏறுவது நல்லதுக்கு மட்டும்தானா? மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்டு ஈரல் கெட்ட 10 பேரைப் பற்றி 2022-ல் அமெரிக்காவில் அறிக்கை வந்தது. ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஒருவர் இறந்தார். பரிசோதித்த 7 சரக்கில் மூன்றில் மிளகுச் சத்து இருந்தது.

காயத்தை ஆற்றும் மஞ்சளுக்கு மிசிசிபி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-ல் காப்புரிமை வாங்கியபோது கொதித்தோம். சி.எஸ்.ஐ.ஆர். வழக்காடி, 1997-ல் அது ரத்தானது. எங்கள் பாட்டி சொத்து என்று மார்தட்டினோம். சரியான சண்டைதான். ஆனால் அங்கே நிரூபித்தது 'இது புதுசு இல்லை' என்பதை மட்டுமே. எல்லா வியாதிக்கும் மருந்து என்பதை அல்ல. இன்றைய கேப்சூல் வியாபாரி இரண்டு பக்கமும் காசு பார்க்கிறார். ஆதாரம் கேட்டால் பாட்டியைக் காட்டுகிறார். ஏன் இந்த விலை என்றால் லேபைக் காட்டுகிறார்.

எந்தப் பாட்டி ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் குர்குமின் கொடுத்தாள்? மீன் குழம்புக்குத் தேங்காயோடு ஒரு துண்டு மஞ்சள் வைத்து அரைத்தாள். சளிக்குச் சித்தரத்தை, வயிற்றுக்கு இஞ்சி, பாயசத்துக்கு ஏலக்காய். எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். யாருக்கும் அவள் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை.

இந்த டப்பாக்கள் சட்டப்படி மருந்தே இல்லை, உணவு. அதனால் நோயைக் குணமாக்கும் என்று நிரூபித்துவிட்டு விற்க வேண்டியதில்லை. பதிலுக்கு ஒரு வாசகம் போட வேண்டும்: 'மருத்துவ உபயோகத்துக்கு அல்ல.' அதைத் தமிழிலும், 'ஆன்டிஆக்ஸிடன்ட்' அளவு எழுத்திலும் போடச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சித்தியின் டப்பாவிலும் தேடினேன். இருந்தது. அடியில், இங்கிலீஷில், எறும்பு சைஸில். சித்தி கண்ணாடி போட்டும் தெரியவில்லை. நான் வாசித்துச் சொன்னேன்.

"அப்போ இதை எதுக்குத்தான் திங்கணும்?" என்றார். மிச்சம் 18 கேப்சூல் இருக்கிறது.