சுவர் இல்லாதவர்களுக்குச் சித்திரம் எதற்கு?

சில வருடங்களுக்கு முன்பு கல்முனைக்குடியிலிருந்து ஒரு பெரியவர் நமது நிலையத்துக்கு வந்தார். 1990ஆம் ஆண்டின் வன்செயலில் உள்ளூர்க் காணியை விட்டுக் கடற்கரைக்கு வந்தவர். வந்த இடத்தில் கட்டிய வீட்டை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் கொண்டுபோயிற்று. கையில் பேரனைப் பிடித்திருந்தார். கல்முனையிலே ஒரு கிறிஸ்தவப் பாடசாலையில் சனிக்கிழமைகளில் நாம் நடத்திவந்த வகுப்புகளுக்கு அந்தப் பிள்ளை வந்துகொண்டிருந்தான். சித்திரம், சங்கீதம், மொழி, கணனி ஆகிய நான்கும் அங்கே கற்பிக்கப்பட்டன.

"பாதர், சுவர் இருந்தாத்தானே சித்திரம் எழுதலாம். எங்களுக்குச் சுவரே இல்ல. இவன் படம் கீறுறான், பாட்டுப் படிக்கிறான் எண்டு திரியிறான். அஞ்சாம் ஆண்டுச் சோதினைக்கு இன்னும் எட்டு மாசந்தான் கிடக்கு. இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்டார். சற்றுத் தயங்கி, "இன்னொண்டும் கேக்கணும். இது உங்கட பள்ளிக்கூடம். பாட்டெண்டு என்னத்தப் படிச்சுக் குடுக்கிறீங்க?" என்றார்.

அன்று அவருக்கு நாம் சரியான பதில் சொல்லவில்லை. கல்வியின் முக்கியத்துவம் பற்றிப் பொதுவாக நாலு வார்த்தை பேசித் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தோம். ஆனால் அவருடைய இரண்டு கேள்விகளும் நம்மை விட்டுப் போகவில்லை. இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் எல்லோருடைய மனத்திலும் இருக்கிற கேள்விகள் அவை. ஆகவே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறோம்.

வயல் என்னும் பள்ளிக்கூடம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர் சோதினையைப் பற்றிக் கவலைப்பட்டது நியாயமே. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைகிற ஏழைப் பிள்ளைக்கு உதவிப்பணம் கிடைக்கிறது. பெரிய பாடசாலையின் கதவும் திறக்கிறது. காணியை இழந்தவனுக்குப் பிள்ளையின் படிப்பே காணி. அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை.

ஆயினும் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். உங்கள் வாப்பாவும் அப்புச்சியும் எங்கே படித்தார்கள்? வயலிலே படித்தார்கள். எந்த வக்கடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது, கதிரைக் கையில் உருவிப் பார்த்து எத்தனை நாளில் வெட்டலாம், எந்தக் காற்றுக்குப் பின் மழை வரும் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லாத பாடங்கள். இரவுக் காவலில் பரணிலிருந்து ஒருவர் கவி சொல்ல, அடுத்த வட்டையிலிருந்து மற்றவர் பதில் கவி சொல்வார். அங்கே சங்கீதமும் இருந்தது, மொழியும் இருந்தது. வரம்பு கட்டிய கையிலே சித்திரமும் இருந்தது. முஸ்லிம் முல்லைக்காரரும் தமிழ் முல்லைக்காரரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிய காலத்தில் இந்தப் பள்ளிக்கூடம் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

இடப்பெயர்வில் நாம் காணியை மாத்திரம் இழக்கவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தையும் இழந்தோம். உறவினர் வளவில் நெருக்கமான ஓர் அறையில் வளர்கிற பிள்ளைக்கு மிஞ்சியது கடந்தகால வினாத்தாள் ஒன்றுதான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வினாத்தாளும் செய்கிறது; மாலையில் வயலினும் பழகுகிறது, ஆங்கிலமும் பேசுகிறது, வீட்டிலே கணனியும் வைத்திருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு மட்டும் "உனக்கு இவை தேவையில்லை" என்று நாமே சொல்லிவிட்டால், இழப்பின்மேல் இழப்பை நாமே ஏற்றுகிறோம் அல்லவா?

நமது மண்ணின் சாட்சி

இதற்குச் சாட்சி தேடி வெளிநாடு போகத் தேவையில்லை. கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். அவர் கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பில் நமது புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழர் இசைக் கருவியாகிய யாழைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்து அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. கணக்கும் சங்கீதமும் மொழியும் ஒரே மூளையில் ஒன்றுக்கொன்று உரமாகின. ஒன்றைப் படித்தால் மற்றது கெடும் என்பது உண்மையானால், காரைதீவிலிருந்து அப்படி ஒருவர் தோன்றியிருக்க முடியாது.

ஆனால் இதே வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நமக்கு அழகல்ல. பழைய மிஷன் பாடசாலைகள் ஆங்கிலமும் சங்கீதமும் தந்தன. அவற்றின் விலையாக மதத்தையும் எதிர்பார்த்த இடங்கள் இருந்தன. அதனால்தான் இந்துக்களும் முஸ்லிம்களும் தமக்கெனப் பாடசாலைகளை நிறுவினார்கள். விபுலாநந்தரே இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளுக்காக உழைத்தார். கல்லடியில் சிவாநந்த வித்தியாலயம் 1929இல் எழுந்தது. கல்முனையில் ஸாஹிராக் கல்லூரி 1949இல் தோன்றியது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது திருச்சபை மிகவும் வருந்தியது. அந்தச் சட்டங்களுக்கு வழிவிட்ட கோபத்தில் நியாயமான பங்கும் இருந்தது என்பதை இன்று நாம் சொல்லக் கூடியவர்களாக இருக்க வேண்டும்.

ஆகவே பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு நமது பதில் இது: பிள்ளை எந்த மார்க்கத்தோடு வகுப்புக்கு வந்ததோ, அதே மார்க்கத்தோடு வீடு திரும்ப வேண்டும். சனிக்கிழமை வகுப்பில் செபமும் இல்லை, ஞானப்பாட்டும் இல்லை. இசைக்கருவி தமது மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று கருதுகிற பெற்றோரின் பிள்ளை அந்த மணித்தியாலத்தில் மொழி வகுப்பில் இருக்கலாம். அதற்காக யாரும் முகஞ் சுளிக்கக் கூடாது. அதேவேளை கல்முனைக்குடிக்கு இசை அந்நியமும் அல்ல. கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற காலத்தில் பக்கீர்மார் றபான் தட்டிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்த ஊர் அது. களிகம்பும் கவியும் நமது சங்கீத வகுப்புக்குள் வரட்டும். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளும் வரட்டும். கீபோட் பிறகு வந்தாலும் பரவாயில்லை.

காயமும் நிறமும்

சித்திரம் சோறு போடுமா என்ற கேள்விக்கு, சிலவேளை சோற்றை விழுங்க வைக்கிறது என்பதே நமது அனுபவம். யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில் இயேசு சபையினரின் வளவொன்றில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா திறக்கப்பட்டது. இயேசு சபைக் குருவும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் அதற்கு முன்னின்றார்கள். சூழவுள்ள கிராமங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை சொன்னார்கள், பாடினார்கள். வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லிற்று. ஒரு தரப்புப் பிள்ளை மறு தரப்புப் பிள்ளையை முதன்முறையாகப் பெயர் சொல்லி அழைத்தது. இது பொழுதுபோக்கல்ல என்பதை அந்த மண் நமக்குக் கற்றுத்தந்தது.

மொழி என்னும் வக்கடை

மொழி வகுப்பைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஏட்டில் அப்படி, காணித் தகராற்றுக்காகக் கந்தோர் ஏறியிறங்கும் உங்களுக்கு உண்மை நிலைமை தெரியும். வனத்துறை அறிவித்தலை வாசிக்க ஆள் தேடியும், பொலிசில் எழுதிய முறைப்பாட்டில் என்ன இருக்கிறது என்று அறியாமலே கையொப்பமிட்டும் திரும்பியவர்கள் நம்மிடையே பலர்.

இன்னோர் உதாரணம். பிறருடைய கையில் காணி பத்து வருடம் இருந்துவிட்டால் சொந்தக்காரன் உரிமையை இழக்கக் கூடும் என்பது நமது நாட்டின் ஆட்சியுரிமைச் சட்டம். யுத்தத்தால் காணிக்குப் போக முடியாதவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலெடுக்காமல் விட அது வழி தந்தது. ஆனால் அது இரண்டு வருடங்களுக்கு மாத்திரமே நடைமுறையில் இருந்தது. அந்த இரண்டு வருடங்களில் நமது குடும்பங்களில் எத்தனை பேர் அதை அறிந்தார்கள்? வாசித்துச் சொல்ல ஒரு பிள்ளை வீட்டில் இருந்திருந்தால் எத்தனை பேர் வழக்கறிஞரிடம் நேரத்தோடு போயிருப்பார்கள்? தண்ணீர் வாய்க்காலில் ஓடத்தான் செய்தது. வக்கடையைத் திறக்க ஆள் இருக்கவில்லை.

கணனியையும் இந்தக் கண்ணோடே பாருங்கள். வர்த்தமானியும் விண்ணப்பப் படிவமும் இன்று அதிலேயே கிடைக்கின்றன. 2020, 2021ஆம் ஆண்டுகளில் தொற்றுநோயால் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, கருவி இருந்த வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கியது. அந்த இடைவெளி தானாக மூடப்போவதில்லை.

நமது தவறு

பிறருக்குப் புத்தி சொல்லும் நாம் நமது தவறையும் சொல்ல வேண்டும். கடற்கோளுக்குப் பின் கிடைத்த அன்பளிப்புகளில் கீபோட்டும் கணனிகளும் இருந்தன. கற்பிக்க ஆளைத் தேடுமுன் பொருளை ஏற்றுக்கொண்டோம். அலுமாரியில் பூட்டி வைத்தோம். உப்புக்காற்று அவற்றைத் தின்றது. விருந்தினர் வந்த நாளில் மட்டும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாடச் சொன்னோம். அறிக்கைக்குப் படம் கிடைத்தது. பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இடம்பெயர்ந்தவரின் பிள்ளை எவருக்கும் காட்சிப்பொருள் அல்ல.

ஆகவே இத்தகைய வகுப்பு நடத்தும் எந்தப் பாடசாலையிடமும், நம்மிடமும்கூட, பெற்றோராகிய நீங்கள் சிலவற்றைத் தயங்காமல் கேட்க வேண்டும். வகுப்பு இலவசமா? மத போதனை இல்லையென்று வாக்குறுதி உண்டா? சோதினை எழுதும் பிள்ளைக்குக் கணக்கிலும் தமிழிலும் உதவி சேர்த்துக் கிடைக்குமா? பெண்பிள்ளைகள் மஃரிபுக்கு முன் வீடு சேர ஒழுங்கு உண்டா? வருடத்தில் ஒரு முறையாவது பிள்ளை கற்றதைப் பெற்றோருக்குக் காட்டுவார்களா? இவற்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் பிள்ளையை அனுப்புங்கள். இல்லையென்றால் அனுப்பாதீர்கள், ஏன் அனுப்பவில்லை என்பதையும் சொல்லுங்கள். நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். கவி தெரிந்தவர், பன் இழைக்கத் தெரிந்தவர், சிலம்படி தெரிந்தவர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வந்து ஒரு மணித்தியாலம் கற்பித்தால் அந்த வகுப்பு உங்களுடையதாகும்.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். பேரனை அவர் மறிக்கவில்லை. சில வாரங்களின் பின் சித்திர ஆசிரியை 'எங்கள் ஊர்' என்ற தலைப்பைக் கொடுத்தார். அந்தப் பிள்ளை தான் ஒருநாளும் கண்டிராத வயலைக் கீறினான். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். மறு சனிக்கிழமை பெரியவரும் கூடவே வந்து வாங்கில் அமர்ந்தார். "வாய்க்கால் இந்தப் பக்கமில்ல மகன், அந்தப் பக்கம். மருதமரம் ரெண்டு நிண்டது. இதிலதான் எங்கட எல்லைக்கல்" என்று விரலால் காட்டினார். பிள்ளை அழித்துவிட்டுத் திருப்பிக் கீறினான்.

அந்தக் காணி அவருக்கு இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அதன் எல்லை எதுவென்று தெரிந்த ஒருவன் அடுத்த தலைமுறையில் இருக்கிறான். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது உண்மையே. எங்கே சுவர் எழ வேண்டும் என்பதைச் சித்திரமும் சொல்லித்தரும் என்பதை அந்தப் பெரியவரிடமிருந்தே நாம் கற்றுக்கொண்டோம்.