ஆறு மணிக்காரரும் எட்டு மணிக்காரரும்

சனிக்கிழமை பிற்பகல். மைசூரில் ஏதேனும் ஒரு தேவாலயத்தின் வாசலில் வாடகைப் பேருந்து நிற்கிறதென்றால், அநேகமாக அது குடும்ப முகாமுக்குத்தான். பாய், ஜமக்காளம், கொசுவர்த்திச் சுருள், பாட்டியின் மருந்துப் பை, ஒரு கிட்டார், இரண்டு ஆள் தூக்கும் அலுமினிய அண்டா. ஓரிரவுத் தங்கலுக்கு ஒரு வாரத்துக்கான சாமான். குழந்தைகள் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போடுகின்றன. பெரியவர்களிடம் வேறொரு தயக்கம். யார் பக்கத்தில் உட்காருவது?

ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள்தான். ஒரே பங்குத் தந்தைதான். ஆனாலும் பாதிப் பேருக்கு மீதிப் பேரைத் தெரியாது. காரணம் எளிது. பல மொழி பேசும் நகரங்களின் கத்தோலிக்கப் பங்குகளில் ஞாயிறு காலை என்பது ஒன்றல்ல. கன்னடப் பூசைக்கு ஒரு நேரம், தமிழுக்கு ஒரு நேரம், ஆங்கிலத்துக்கு ஒரு நேரம். ஆறு மணிப் பூசைக்கு வருகிறவர் எட்டு மணிப் பூசைக்கு வருகிறவரைப் பார்ப்பது வாசலில்தான். ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார், மற்றவர் கழற்றிக்கொண்டிருப்பார். இருபது ஆண்டு காலம் ஒரே பீடத்தின் முன் மண்டியிட்டும் பெயர் தெரியாத உறவு இது.

முன்பு இப்படி இல்லை. மைசூரின் அடையாளங்களில் ஒன்றான புனித பிலோமினாள் பேராலயத்துக்கு 1933இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டியபோது, பூசை எல்லோருக்கும் இலத்தீனில்தான். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை நினைவூட்டும் அந்த இரட்டைக் கோபுரங்களின் கீழ் தமிழரும் கன்னடரும் கொங்கணி பேசுவோரும் ஒன்றாக நின்றார்கள். ஒன்றாகவே புரியாமல் நின்றார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டில் மக்கள் மொழிகளுக்கு வழி திறந்தது. கடவுளிடம் தாய்மொழியில் பேசும் உரிமை சாதாரண விஷயமல்ல. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. யாருக்கும் புரியாத மொழி எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது. அவரவருக்குப் புரிந்த மொழிகள் நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டன.

கர்நாடகத்தில் இந்தப் பாகப்பிரிவினை அமைதியாக நடக்கவில்லை. எந்த மொழிக்கு எந்த நேரம், எத்தனை பூசை என்பது பெங்களூர் மறைமாவட்டத்தில் பல பத்தாண்டுகளாகத் தீராத வழக்கு. வெளியே காவிரி. நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு 1991 டிசம்பரில் அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டின. 2016 செப்டம்பரில் மீண்டும் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன. அத்தகைய நாட்களில் ஒரு மனிதனுக்கு உதவுவது கொள்கை விளக்கமல்ல. கதவைத் தட்டினால் திறக்கிற பக்கத்து வீட்டுக்காரர். அவரைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மைசூர் மறைமாவட்டத்தில் தமிழர்கள் விருந்தாளிகள் அல்ல. இந்த மறைமாவட்டம் மைசூர், மாண்டியா, சாமராஜநகர், குடகு ஆகிய நான்கு மாவட்டங்களில் பரவியிருக்கிறது. இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் கொள்ளேகால் பகுதி, 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. அங்கே மார்ட்டள்ளி போன்ற ஊர்களில் தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்கள் எங்கும் போகவில்லை. எல்லைக்கோடுதான் இடம் மாறியது.

இந்தப் பின்னணியில்தான் ஓரிரவு முகாமைப் பார்க்க வேண்டும். ‘பேமிலி கேம்ப்’ என்ற பெயரும், கூடாரமும், தீ மூட்டிச் சுற்றி உட்காருவதும் வெளியிலிருந்து வந்தவையாக இருக்கலாம். குடும்பத்தோடு போய்ச் சாமியின் வாசலில் இரவு தங்குவது இந்த மண்ணின் பழக்கம். மைசூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில், கிருஷ்ணராஜநகர் அருகே இருக்கிறது தோரனஹள்ளி. உழவர் ஒருவரின் ஏர் முனையில் சிலையாகத் தட்டுப்பட்டு, பிறகு கனவில் வந்து கோயில் கேட்டதாகச் செவிவழிக் கதை சொல்லும் புனித அந்தோணியாரின் தலம். 2019இல் பசிலிக்கா தகுதி பெற்றது. பதுவை நகரில் அந்தோணியார் இறந்தது 1231 ஜூன் 13 அன்று. ஆண்டுதோறும் அதே நாளில் திருவிழா. மைசூர்ச் சீமையில் பருவமழை தொடங்கும் நேரம். நனைந்துகொண்டே வருகிறார்கள். இந்துக்களும் வருகிறார்கள், தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறார்கள். இத்தகைய தலங்களில் இரவைக் கழிக்கிறவர்களிடம் யாரும் பூசை நேரம் கேட்பதில்லை. இடம் இருக்கிற பக்கம் பாயை விரிக்க வேண்டியதுதான். பக்கத்துப் பாயில் யார் என்பது அந்தோணியார் முடிவு செய்கிற விஷயம்.

உலகெங்கும் இதே கதைதான். யூதர்களின் கூடாரத் திருவிழாவில் ஏழு நாட்கள் குடில்களில் வாழ வேண்டும் என்கிறது மோசேயின் சட்டம். அந்த மகிழ்ச்சியில் வேலையாட்களுக்கும் அந்நியருக்கும் அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் பங்கு உண்டு என்றும் அது கண்டிப்பாகச் சொல்கிறது. 1801 ஆகஸ்டில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கேன் ரிட்ஜ் என்ற இடத்துக்குக் குடும்பம் குடும்பமாக வண்டிகளில் வந்து பல நாட்கள் தங்கினார்கள். கூட்டம் பத்தாயிரத்துக்கு மேல் என்பது அக்கால மதிப்பீடு. பிரெஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போதகர்கள் ஒரே திடலில் பிரசங்கம் செய்தார்கள். சுவர் இல்லாத இடத்தில் பிரிவினைக்கும் இடம் குறைவு.

குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. கேரளத்தில் பம்பை ஆற்று மணலில் 1890களிலிருந்து நடக்கும் மாராமண் கன்வென்ஷனில், இரவுக் கூட்டத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்பது நீண்ட கால வழக்கமாக இருந்தது. அதை எதிர்த்துக் குரல்கள் எழுந்தன. அதன் பிறகு, 2018இல் கூட்டத்தின் நேரத்தை மாலைக்கு முன்னகர்த்தித்தான் பெண்கள் கலந்துகொள்ள வழி செய்யப்பட்டது. கூரையை எடுத்துவிட்டாலும் வாசற்படியை மனிதர்கள் கையோடு எடுத்துவந்துவிடுகிறார்கள்.

மைசூர் முகாம்களும் இந்தச் சோதனைக்கு விலக்கல்ல. இன்று பல முகாம்கள் ‘ரிசார்ட்’ பக்கம் நகர்கின்றன. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். ஐந்து பேர் கொண்ட ஆட்டோ ஓட்டுநரின் குடும்பம் அறிவிப்பைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறது. நிகழ்ச்சிகள் ஆங்கிலத்தில் என்றால் அந்த வீட்டுப் பாட்டிக்கும் அங்கே வேலையில்லை. ஆறு மணிக்காரரும் எட்டு மணிக்காரரும் சந்திக்க ஏற்பட்ட ஓர் இரவு, வசதியுள்ள ஒரு மணிக்காரர்களின் சுற்றுலாவாக முடிகிறது.

இன்னொரு கேள்வி, சமையல். எளிமை என்ற பெயரில் ‘நாமே சமைப்போம்’ என்று முடிவாகிறது. ‘நாமே’ என்றால் யார்? வீட்டில் ஐந்து பேருக்குச் சமைத்தவர், முகாமில் ஐம்பது பேருக்குச் சமைக்கிறார். பிற்பகலில் ‘குடும்பத்தில் தாயின் பங்கு’ பற்றிச் சொற்பொழிவு நடக்கும்போது அவர் அண்டா கழுவிக்கொண்டிருக்கிறார். வெங்காயம் உரிக்கும் வேலையை ஆண்களுக்குக் கொடுத்த முகாம்களில்தான் பேச்சு சீக்கிரம் தொடங்குகிறது. கண் கலங்கி உட்கார்ந்திருப்பவர்களிடம் கௌரவம் பார்க்க முடியாது. ஒருவர் களி என்பதை மற்றவர் முத்தே என்கிறார். ஒருவர் ‘சாப்பிட்டாச்சா?’ என்கிறார், மற்றவர் ‘ஊட்டா ஆய்த்தா?’ என்கிறார். இரண்டுக்கும் பதில் தலையாட்டல்தான்.

ஏற்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டியவை வேறும் உண்டு. பெண்களுக்குக் கழிப்பறையும் அங்கே போகிற வழியில் விளக்கும் இல்லையென்றால் அது குடும்ப முகாம் அல்ல. ஸ்ரீரங்கப்பட்டணம் அருகிலுள்ள பலமுரி போன்ற காவிரிக்கரைகள் பார்க்கச் சாதுவானவை. தண்ணீரில் இறங்கியவர்கள் மூழ்கிப்போன சம்பவங்கள் உண்டு. பிரார்த்தனை செய்துவிட்டுக் குழந்தைகளை ஆற்றில் விடுவது விசுவாசமல்ல, அலட்சியம். காட்டுப் பக்கம் போகிறவர்கள், பந்திப்பூர் வழியாக இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரவு அங்கே யானைகளுக்குச் சொந்தம்.

இத்தனைக்குப் பிறகும் இரவுதான் முகாமின் உயிர். பத்து மணிக்கு மேல் விளக்கு அணைந்ததும் மொழி தெரியாத இரண்டு குழந்தைகள் ஒரே போர்வைக்குள் சிரிக்கின்றன. கணவரை இழந்த ஒரு பெண்மணி, ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து போகிறவர், தன் கதையை யாரிடமோ பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் சொல்கிறார். ஒரு மணி நேரப் பூசையில் இதற்கு நேரமில்லை.

விடிந்தால் ஞாயிறு. முகாமில் ஒரே பூசை. இங்கே ஆறு மணியும் இல்லை, எட்டு மணியும் இல்லை. எந்த மொழியில் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. முதல் வாசகம் ஒரு மொழியில், இரண்டாவது வேறொன்றில், பாடல்கள் மாறி மாறி என்று பங்குத் தந்தைகள் பொதுவாகச் சமாளிக்கிறார்கள். யாருக்கும் முழுத் திருப்தி இராது. தனக்குப் புரியாத வாசகம் வரும்போது பக்கத்தில் இருப்பவர் தாழ்ந்த குரலில் பொருள் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காகவே அவ்வளவு தூரம் பேருந்து பிடித்துப் போகலாம்.

முகாம் பலித்ததா என்பதை அடுத்த ஞாயிறன்று தேவாலய வாசலில் பார்த்துவிடலாம். ஆறு மணிப் பூசை முடிந்து செருப்பு மாட்டியவர்களில் சிலர் வீட்டுக்குப் போகாமல் நிற்க வேண்டும். எட்டு மணிக்காரர்கள் வரட்டும் என்று.