இறங்கியது காமாலை, பேர் வாங்கியது கீழாநெல்லி

மஞ்சள் காமாலைக்கு இங்கிலீஷ் வைத்தியத்தில் மருந்து கிடையாது, கீழாநெல்லிதான் மருந்து. தமிழ்நாட்டில் இதைச் சொல்லாத பாட்டி இல்லை. பாட்டி சொன்னால் போகட்டும். மருந்துக் கடைக்காரரே சொல்கிறார். எம்.எஸ்ஸி. படித்தவர் வாட்ஸப்பில் அனுப்புகிறார். இப்போது அதற்கு ஒரு வாலும் முளைத்திருக்கிறது: "விஞ்ஞானிகளே நிரூபிச்சிட்டாங்க." மருந்து கிடையாது என்பதும் தவறு, கீழாநெல்லிதான் மருந்து என்பதும் தவறு. அந்த வால் இருக்கிறதே, அது ஒரு நல்ல ஆராய்ச்சிக்குச் செய்யும் அவமானம்.

காமாலை ஒரு நோயே அல்ல. ரத்தத்தில் பிலிருபின் ஏறிவிட்டது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். ஒரு மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டியது மூன்றை நெருங்கும்போது கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரியும். ஏன் ஏறியது என்பதுதான் கேள்வி. குடிதண்ணீரில் சாக்கடை கலந்து வந்த ஏ, இ வைரஸாக இருக்கலாம். ரத்தம் வழியாக வந்த பி, சி வைரஸாக இருக்கலாம். சாராயம், எலிக்காய்ச்சல், காசநோய் மாத்திரை, பித்தக் குழாயில் சிக்கிய கல், கணையத்தில் புற்று என்று எதுவாகவும் இருக்கலாம். இத்தனைக்கும் ஒரே இலையா? காய்ச்சல் என்று வருகிற எல்லோருக்கும் ஒரே ஊசியைப் போடும் டாக்டரைத் திட்டுகிறோமே, அவர் என்ன பாவம் செய்தார்?

"எங்க வீட்ல நாலு பேருக்கு குணமாச்சே!" ஆகியிருக்கும். நம் ஊரில் பிள்ளைகளுக்கு வரும் காமாலை பெரும்பாலும் ஏ வகை. சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பி வைரஸ் தொற்றிய பெரியவர்களில்கூட நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அதை உடம்பின் பலத்திலேயே விரட்டிவிடுகிறார்கள். கண் மஞ்சளாகி நாலு நாள் கழித்து வைத்தியர் வீட்டுக்குப் போகிறோம். வெறும் வயிற்றில் அரைத்த விழுதை மோரில் கலக்கிக் குடிக்கிறோம், உப்பில்லாப் பத்தியம் இருக்கிறோம். இறங்க வேண்டிய நாளில் காமாலை இறங்குகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அந்த நாட்களில் வெறும் மோரைக் குடித்திருந்தாலும் இறங்கித்தான் இருக்கும். மோருக்கு மட்டும் ஏன் பேர் கிடைக்கவில்லை?

என் மாமா ஒருவருக்கு அறுபத்திரண்டாவது வயதில் கண் மஞ்சளானது. விடியற்காலையில் வைத்தியர் வீட்டுத் திண்ணையில் வரிசை. உள்ளே அம்மியில் இலை அரைபடும் சத்தம் கேட்கும். பித்தளைத் தம்ளரில் பச்சையாக ஒரு வாய், குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். பத்தாம் நாளிலிருந்து உடம்பெல்லாம் அரிப்பு. முதுகைத் தூணில் தேய்த்துக்கொண்டே பேசுவார். மலம் சுண்ணாம்புபோல் வெளுத்துப் போகிறது என்று அத்தை சொன்னாள். வைத்தியரிடம் கேட்டதற்கு, "மருந்து வேலை செய்யுது, பித்தம் வெளியேறுது" என்றாராம். உண்மை நேர்தலைகீழ். பித்தம் குடலுக்கு வர வழியில்லாததால்தான் மலம் வெளுத்தது, அரிப்பு எடுத்தது. மருத்துவக் கல்லூரி மாணவன் இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய அடைப்புக் காமாலை. நான் ஸ்கேனுக்குக் கூப்பிட்டபோது, "இன்னும் ஒரு மண்டலம் முடியலையே மாப்ள" என்றார். மண்டலம் முடிந்தபின் எடுத்த ஸ்கேனில் கணையத் தலைப்பகுதியில் கட்டி. அறுவை செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். முதல் வாரமே போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், அந்தப் புற்று அப்படிப்பட்டது. ஆனால் அந்த நாற்பத்தெட்டு நாள் அவருடையது. அதைப் பறித்தது கீழாநெல்லி அல்ல, கீழாநெல்லியின் மேல் இருந்த நம்பிக்கை.

இனி அந்த "நிரூபிச்சிட்டாங்க" கதைக்கு வருவோம். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பெற்றவர் பாரூக் ப்ளம்பெர்க். அவருடைய குழு 1987இல் கீழாநெல்லி இனத்தின் சாற்றைச் சோதனைக் குழாயிலும், வுட்சக் என்னும் வட அமெரிக்கக் கொறிவிலங்கிலும் சோதித்தது. வைரஸ் பெருகுவதைச் சாறு தடுப்பதாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு, பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான எஸ்.பி. தியாகராஜனும் ப்ளம்பெர்கும் மற்றவர்களும் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முப்பது நாள் பொடி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து பி வைரஸின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. மருந்துச் சத்து இல்லாத போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது, நியாயம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் வைரஸை நெடுநாள் சுமந்துகொண்டிருந்தவர்கள், காமாலை நோயாளிகள் அல்லர். காமாலை இறங்குகிறதா என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை!

பிறகு தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் வரவில்லை. 1999இல் கேரளத்தில் திடீர் ஈரல் அழற்சி கண்டவர்களுக்கே பொடியைக் கொடுத்துப் பார்த்தார்கள், காமாலை நீடிக்கும் நாட்கள் சொல்லும்படியாகக் குறையவில்லை. நெடுநாள் பி தொற்று குறித்த 16 ஆய்வுகளை 2011இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு சேர்த்து அலசியது. போலி மருந்தைவிட மேல் என்று சொல்ல நம்பத்தகுந்த சான்று இல்லை என்பதே முடிவு. ஒரு மூலிகையைச் சந்தேகப்பட்டு, எண்ணிப் பார்த்து, பிறர் மறுபடி செய்து பார்க்கும்படி எழுதி வைத்தார்களே, அதுதான் ஆராய்ச்சி. 1988இன் நல்ல செய்தியை மட்டும் கத்தரித்துப் பாட்டிலில் ஒட்டுவது வியாபாரம்.

நித்தியகல்யாணியை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்து என்று கேட்டுக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள்தான் குறைந்தன. அந்தத் தோல்வியை மூடி மறைக்காமல் பின்தொடர்ந்ததால்தான் ரத்தப் புற்றுக்கு மருந்து கிடைத்தது. "பாரம்பரியம் பொய்க்காது" என்று அன்று கும்பிட்டு நின்றிருந்தால், சுடுகாட்டுமல்லி என்னும் அந்த நித்தியகல்யாணி சுடுகாட்டிலேயே இருந்திருக்கும்.

"இங்கிலீஷ் வைத்தியத்தில் மருந்தே இல்லை" என்பதும் பழைய கதை. ஏ வகைக்கு மருந்தில்லை, தேவையும் அநேகமாக இல்லை. பி வகையை அடக்கி வைக்க டெனோஃபோவிர் இருக்கிறது. சி வகையைச் சுமார் பன்னிரண்டு வார மாத்திரையில் பெரும்பாலோருக்கு முற்றாகவே ஒழிக்கிறார்கள். கல்லை எடுக்கலாம், அடைப்பை நீக்கலாம். நிறைமாதக் கர்ப்பிணிக்கு இ வகை வந்தால் அது உயிரையே குடிக்கலாம். அவளுக்கு மோரில் விழுது கலந்து கொடுப்பவரை என்னவென்று சொல்வது?

கீழாநெல்லி விஷம் என்று நான் சொல்லவில்லை. கொல்லையில் இருந்தால் இருக்கட்டும். கண் மஞ்சளானால் முதலில் ரத்தம் கொடுங்கள், வயிற்றை ஸ்கேன் செய்யுங்கள். அரிப்போ, வெளுத்த மலமோ, பிதற்றலோ, தூக்கக் கலக்கமோ இருந்தால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் குழந்தை பிறந்தால், 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டார்களா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு கிடையாது.