இணையத்தில் கடை திறந்தால் போதுமா?

'பத்தே நிமிடத்தில் உங்கள் கடை இணையத்தில்!' என்கிற விளம்பரம் கண்ணில் படாத சிறு வணிகர் இன்று அரிது. விளம்பரத்தில் பொய் இல்லை. கடையின் பெயர், நாலைந்து பொருள்களின் படம், விலை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கொடுத்தால் இணையக் கடை தயாராகிவிடும். ஆனால், அந்தக் கடைக்கு யார் வருவார்கள், பணம் கட்டியவருக்குப் பொருள் எப்படிப் போய்ச் சேரும், திரும்பி வந்த பார்சலுக்கு யார் செலவேற்பது, பில்லில் வரி எப்படிப் போடுவது என்ற கேள்விகளுக்கு அங்கே பதில் இல்லை. ஓராண்டுச் சந்தாவைக் கட்டி, சில ஆர்டர்களோடு சலித்துப்போய், பழையபடி வாட்ஸ்அப் குழுவுக்கே திரும்பிய வணிகர்களை நம் கடைவீதிகளில் சுலபமாகப் பார்க்கலாம்.

வணிகருக்குக் கணினி தெரியாததே இதற்குக் காரணம் என்று மென்பொருள் உலகம் தள்ளிவிடுகிறது. குறை மென்பொருளில் இருக்கிறது. அதைவிட அதிகமாக, அதை விற்கும் முறையில் இருக்கிறது. கடை திறந்து கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் மென்பொருள், வியாபாரம் தொடங்கும் இடத்தில் வணிகரைக் கைவிட்டுவிடுகிறது.

விற்றவர் எழுதிய மென்பொருள்

இந்தத் துறையின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1995-ல் அமெரிக்காவில் பால் கிரஹாமும் ராபர்ட் மோரிஸும் தொடங்கிய 'வயாவெப்', உலாவியின் வழியாகவே ஒரு கடையை அமைத்து நிர்வகிக்கும் வசதியை முதன்முதலில் தந்தவற்றுள் ஒன்று. 1998-ல் யாஹூ அதை வாங்கியது. அதன் பிறகு கடை மென்பொருள்கள் பல வந்தன. 2004-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் டோபி லூட்கே, பனிச்சறுக்குப் பலகைகளை இணையத்தில் விற்க முனைந்தார். கிடைத்த மென்பொருள் எதுவும் அவருக்குச் சரிப்படவில்லை. தன் கடைக்கு வேண்டியதைத் தானே எழுதினார். அதுவே 2006-ல் 'ஷாப்பிஃபை' ஆயிற்று. விற்பவரின் சிரமம் தெரிந்தவர் எழுதியது என்பதே அதன் முதல் பலம்.

இந்தியாவில் நடந்தது இன்னும் பாடமானது. இன்று பார்சல் அனுப்பும் சேவைக்காக அறியப்படும் 'ஷிப்ராக்கெட்', முதலில் 'கார்ட்ராக்கெட்' என்ற பெயரில் சிறு வணிகர்களுக்கு இணையக் கடை அமைத்துத் தரும் நிறுவனமாகத்தான் தொடங்கியது. கடையை அமைப்பதைவிடப் பொருளைக் கொண்டுசேர்ப்பதே வணிகர்களைத் திணறடிக்கிறது என்பது பிறகு புலப்பட்டது. நிறுவனத்தின் பாதையே மாறியது. கடை மென்பொருள் விற்க வந்தவர்களையே கூரியர் பக்கம் இழுத்துச் சென்றது சந்தை. அந்த அனுபவத்துக்குப் பிறகும், வண்ண வண்ண முகப்புகளைக் காட்டியே புதிய மென்பொருள்கள் இன்றும் விற்கப்படுகின்றன.

படிவத்திலேயே தொடங்கும் இடறல்

தமிழ்நாட்டு வணிகர் ஒருவர், பெரிதும் பயன்பாட்டில் உள்ள மென்பொருளைக் கொண்டு கடை வைக்கிறார் என்று கொள்வோம். வாடிக்கையாளர் பணம் கட்டும் பக்கத்துக்கு வந்ததும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் நிற்கும். பல கடைகளில் இரண்டையும் நிரப்பியே ஆக வேண்டும். தலைப்பெழுத்தோடு ஒரே பெயரை வைத்திருக்கும் நம்மவர் அங்கே தயங்குவார். முகவரியில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதத் தனி இடம் இருக்காது. 'மாரியம்மன் கோயில் எதிரில்' என்ற அடையாளம் இல்லாமல் பல ஊர்களில் கூரியர் ஊழியரால் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கும் தனிக் கட்டம் இல்லை.

தமிழில் பில் அச்சிட முயன்றால் பிடிஎஃப் கோப்பில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் பிடிஎஃப் நிரல்களில் பல, இந்திய மொழிகளின் எழுத்துச் சேர்க்கையைச் சரியாகக் கையாள்வதில்லை. பொருள் விவரம் தமிழில், பில் ஆங்கிலத்தில் என்று வணிகர் சமாளித்துக்கொள்கிறார்.

சேலை வியாபாரத்தில் சிக்கல் வேறு. கைத்தறிச் சேலையில் பெரும்பாலும் ஒரு நிறத்துக்கு ஒரே ஒரு சேலைதான் இருக்கும். மென்பொருளோ ஒரே பொருள் பத்து, நூறு என்று ஸ்டாக் இருக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. ஒரே சேலையை இருவர் ஒரே நேரத்தில் கேட்டால், முதலில் கேட்டவருக்குச் சிறிது நேரம் ஒதுக்கிவைத்து, பணம் வராவிட்டால் அடுத்தவருக்குத் தர வேண்டும். சேலம் மாவட்டம் இளம்பிள்ளையின் சேலை வணிகர்கள் இதை வாட்ஸ்அப்பிலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். படத்தைக் குழுவில் போடுவது, ரீசெல்லர்கள் அதைத் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவது, 'புக்டு' என்று பதில் வந்ததும் ஜிபே-யில் பணம் வாங்குவது, மாலையில் கூரியரில் போடுவது என்று முழு வணிக ஒழுங்கையே அவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். மென்பொருள் எழுதுபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது. வணிகர் ஏற்கெனவே செய்துவருவதை எளிதாக்கும் மென்பொருளை யாரும் வற்புறுத்தி விற்க வேண்டியிருக்காது.

மாநில எல்லையும் வரியும்

வரி விஷயத்தில் மென்பொருளின் பொறுப்பு இன்னும் பெரிது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவரின் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால், வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு பொருந்தாது. சில கைவினைப் பொருள்களுக்கு மட்டுமே விலக்கு. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்யும் ஒரு குடும்பம் மதுரைக்கு எத்தனை பெட்டி அனுப்பினாலும் வரம்புக்குள் இருந்தால் போதும். பெங்களூருவுக்கு ஒரு பெட்டி அனுப்பினால் பதிவு தேவை. இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கும் வணிகருக்கோ வெளிமாநில விற்பனைக்கே அனுமதி இல்லை.

இணையக் கடையைத் திறந்த மறுநாளே எந்த மாநிலத்திலிருந்தும் ஆர்டர் வரலாம். 'தமிழ்நாட்டுக்குள் மட்டும்' என்ற ஒரு பொத்தான் அந்த வணிகரைக் காப்பாற்றும். அதையும் கவனமாகச் செய்ய வேண்டும். தமிழ்நாட்டின் அஞ்சல் குறியீடுகள் 60 முதல் 64 வரையிலான எண்களில் தொடங்குகின்றன. புதுச்சேரியின் 605001-ம் காரைக்காலின் 609602-ம் அதே வரிசைக்குள் வருகின்றன. முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்து மாநிலத்தை முடிவுசெய்யும் மென்பொருள், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பொருளை உள்மாநில விற்பனை என்று தவறாகக் கணக்கிடும். இதுபோலவே, உணவு விற்பவரிடம் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) எண்ணைக் கேட்டு வாங்கிக் காட்டுவதும், 2020-ல் வந்த மின்வணிக விதிகள் கோரும் பெயர், முகவரி, குறைதீர்ப்பு விவரங்களுக்கு இடம் தருவதும் மென்பொருளின் வேலையே. ஆடிட்டர் சொல்லித்தான் இவை வணிகருக்குத் தெரியவருகின்றன என்பது மென்பொருளின் தோல்வி.

சந்தைத்தளம் இருக்கிறதே?

அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ இருக்கும்போது சொந்தக் கடை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கூட்டம் அங்கேதான் இருக்கிறது. புதிய வணிகருக்கு முதல் நூறு வாடிக்கையாளரைத் தருவது அந்தத் தளங்களே. அங்கே விற்க வேண்டாம் என்று சொல்வது பிழைப்பைக் கெடுக்கும் அறிவுரை.

ஆனால், அங்கே வாங்குபவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர். பொருள் பிடித்திருந்தாலும் மறுமுறை அவர் உங்களைத் தேடி வருவாரா என்பது தளத்தின் தேடல் வரிசையைப் பொறுத்தது. அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் சில விற்பனையாளர்களுக்கு முன்னுரிமை தருகின்றன என்ற புகாரின்மீது இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டதை மறக்கக் கூடாது. முதல் விற்பனைக்குச் சந்தைத்தளம், இரண்டாவது விற்பனைக்குச் சொந்தக் கடை என்பதே சிறு வணிகருக்கு ஏற்ற வழி. மறுபடி வாங்க வருபவரைத் தக்கவைப்பதற்கான கருவி என்று சொந்தக் கடையைக் கருதினால், மென்பொருளின் வடிவமே மாறிவிடும். பழைய வாடிக்கையாளர் பட்டியல், சென்ற முறை வாங்கிய பொருள், தீபாவளிக்கு முன் ஒரு நினைவூட்டல் ஆகியவை முன்வரிசைக்கு வரும். முகப்பின் அழகு பின்வரிசைக்குப் போகும்.

மத்திய அரசின் முன்னெடுப்பான ஓஎன்டிசி, எந்தச் செயலியில் வாங்குபவரும் எந்தச் செயலியில் உள்ள விற்பனையாளரிடமும் வாங்கலாம் என்ற திறந்த வலையமைப்பாக 2021 டிசம்பரில் நிறுவப்பட்டது. 2022 ஏப்ரலில் முன்னோட்டம் தொடங்கிய ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. நோக்கம் உயர்ந்தது. ஆனால், பொருள் பட்டியலைச் சரியாக வைத்திருக்கவும், ஸ்டாக்கை அன்றன்றைக்குத் திருத்தவும், ஆர்டரை நேரத்துக்கு அனுப்பவும் வணிகரிடம் நல்ல மென்பொருள் இல்லையென்றால், வாசலைத் திறந்துவைப்பதால் மட்டும் பயன் கிடைக்காது.

நம்பிக்கை வழியே விற்பனை

இவ்வளவு நல்ல மென்பொருளை எழுதினாலும் அதை வணிகரிடம் சேர்ப்பது தனிக் கலை. தொலைபேசியில் அழைத்து, 'இன்று மட்டும் தள்ளுபடி' என்று அவசரப்படுத்தி, ஓராண்டுக் கட்டணத்தை வாங்கிவிட்டு மறைந்துபோகும் முறை இந்தத் துறையின் பெயரைக் கெடுத்திருக்கிறது. அப்படி ஒருமுறை ஏமாந்த வணிகர், அடுத்து வரும் நேர்மையான நிறுவனத்தையும் நம்புவதில்லை.

இந்தியச் சிறு வணிகத்தில் வேரூன்றிய மென்பொருள் எது என்று கேட்டால் 'டேலி' என்பார்கள். உள்ளூர் முகவர்கள், கணக்காளர்கள் வழியாக அது ஊர் ஊராகப் பரவியது. கணக்கு எழுதுபவர் 'இதைப் போடுங்கள்' என்றார், கடைக்காரர் போட்டார். பணம் வந்ததும் தமிழில் சத்தமாகச் சொல்லும் யுபிஐ பெட்டி பெட்டிக்கடை வரை போனதும் இப்படித்தான். போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றுவார்களோ என்ற ஒரே ஒரு பயத்தை அது போக்கியது. நிறுவனத்தின் ஆள் கடைக்கே வந்து பொருத்திவிட்டுப் போனார்.

இணையக் கடை மென்பொருளும் இந்த வழியில்தான் போக வேண்டும். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்பவர், கூரியர் புக்கிங் கடை வைத்திருப்பவர், வணிகர் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பு ஆகியோரே வணிகர் நம்பும் மனிதர்கள். இவர்களுக்குப் பயிற்சி தந்து, வணிகர் தொடர்ந்து பயன்படுத்தும் காலம் வரை வருமானத்தில் பங்கும் தந்தால், வணிகர் வெற்றி பெறுவதில் அவர்களுக்கும் அக்கறை இருக்கும். எத்தனை கடைகள் திறக்கப்பட்டன என்ற எண்ணிக்கையை விளம்பரம் செய்வதை நிறுத்திவிட்டு, இரண்டாம் ஆண்டும் எத்தனை கடைகளில் விற்பனை நடக்கிறது என்பதை நிறுவனங்கள் வெளியிட வேண்டும்.

விலையையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். 500 ரூபாய் ஆர்டருக்குப் பணப்பரிமாற்றக் கட்டணம் 2 சதவீதம் என்றால், 10 ரூபாய் போகும், அதன்மீது ஜிஎஸ்டியும் சேரலாம். கூரியர் கட்டணம், பெட்டி, டேப் தனி. பொருள் கையில் கிடைத்ததும் பணம் என்ற முறையில் அனுப்பிய பார்சல் திரும்பி வந்தால், போக்குவரத்துச் செலவு இரண்டு பக்கமும் வணிகர் தலையில். ஷாப்பிஃபை போன்ற தளம், தன் சொந்தப் பணப்பரிமாற்றச் சேவையைப் பயன்படுத்தாத கடைகளிடம் தனிக் கட்டணம் வாங்குகிறது. அந்தச் சேவை இந்தியாவில் கிடைப்பதில்லை. ஒரு ஆர்டருக்கு மொத்தம் எவ்வளவு செலவாகும், எவ்வளவு லாபம் நிற்கும் என்பதைக் கடை திறப்பதற்கு முன்பே கணக்கிட்டுக் காட்டும் மென்பொருளே நேர்மையான மென்பொருள்.

மூன்று தரப்புக்கும் வேலை உண்டு

வணிகர்கள் கையெழுத்திடும் முன் மூன்று விஷயங்களை உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடையின் இணைய முகவரி தன் பெயரில் பதிவாகியிருக்கிறதா? வாடிக்கையாளர் பட்டியலையும் ஆர்டர் விவரங்களையும் எப்போது வேண்டுமானாலும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா? சிக்கல் வந்தால் தமிழில் பேச ஆள் இருக்கிறாரா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அந்த மென்பொருள் வேண்டாம். இணைய முகவரியை மென்பொருள் செய்து தந்தவர் தன் பெயரில் வைத்துக்கொண்டதால், ஆண்டுக்கணக்கில் வளர்த்த கடைப் பெயரை இழக்க நேரிடும் ஆபத்து உண்மையானது.

அரசு செய்ய வேண்டியது ஒன்று. சந்தைத்தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் விற்கும் சிறு வணிகர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் கட்டாய ஜிஎஸ்டி பதிவிலிருந்து விலக்கு கிடைத்தது. வெளிமாநில விற்பனைக்கும் ஒரு குறிப்பிட்ட தொகைவரை அந்த விலக்கை நீட்டிக்க வேண்டும். நாடு முழுவதும் ஒரே சந்தை என்ற ஜிஎஸ்டியின் நோக்கம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது.

மென்பொருள் எழுதும் நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கடை மென்பொருளின் முதல் வரியை எழுதுவதற்கு முன், தீபாவளி சீசனில் ஒரு வாரம் ஏதேனும் ஒரு சிறு கடையில் பார்சல் கட்டும் மேசைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் கேள்விக்கு வணிகர் போனை எடுக்கிறார், எந்த இடத்தில் நோட்டைப் புரட்டுகிறார், எந்தத் தவறுக்குப் பணம் இழக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பில் உள்ளதை மட்டும் மென்பொருளாக்குங்கள். மற்றதெல்லாம் பிறகு வரட்டும்.