மேடையும் ஆடுகிறது

1995 ஏப்ரல் முதல் தேதி, டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு ஒரு சாதனம் கட்டாயமானது: கேட்டலிடிக் கன்வெர்ட்டர். புகைக்குழாயில் பொருத்தப்படும் இதன் உள்ளே பிளாட்டினம் போன்ற உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்ஸைடை ஆக்சிஜனோடு சேர்த்து கார்பன் டை ஆக்ஸைடாக மாற்றுவது இவற்றின் வேலை.

உலோகம் வெறும் மேடை, வாயுக்கள் வந்து நடித்துவிட்டுப் போகின்றன என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் மேடையும் சேர்ந்து ஆடுகிறது. இதை நுணுக்கமாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மன் விஞ்ஞானி கெர்ஹார்ட் எர்ட்ல். முதலில் மூனிக்கிலும், 1986 முதல் பெர்லினின் ஃபிரிட்ஸ் ஹாபர் நிலையத்திலும் அவர் ஆய்வு நடத்தினார்.

பிளாட்டினப் படிகத்தை ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டினால், உள் அடுக்குகளில் அணுக்கள் சதுரங்கக் கட்டங்களைப் போல வரிசையாக இருக்கும். மேல் அடுக்கின் கதை வேறு. தலைக்கு மேல் துணையில்லாத அந்த அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு, ஏறக்குறைய அறுகோண வடிவில் அமர்கின்றன. அதே இடத்தில் சுமார் 20 சதவீதம் அதிக அணுக்கள்!

இந்தப் பரப்பில் ஆக்சிஜன் எளிதில் ஒட்டாது. கார்பன் மோனாக்ஸைடு ஒட்டும். அது போதிய அளவு சேர்ந்ததும் அறுகோணம் கலைந்து சதுரம் திரும்புகிறது. உபரி அணுக்கள் மேலே தள்ளப்பட்டு சிறு திட்டுகளாகின்றன. சதுரப் பரப்பிலோ ஆக்சிஜன் தாராளமாக ஒட்டும். இரண்டும் இணைந்து கார்பன் டை ஆக்ஸைடாக வெளியேற, காலியான பரப்பு மறுபடி அறுகோணமாகிறது. பிறகு முதலிலிருந்து அதே கதை. வெப்பமும் வாயு வரத்தும் மாறாமல் இருந்தாலும், வினையின் வேகம் ஏறி இறங்குவதற்கு இதுவே காரணம். பரப்பு வேதியியல் ஆய்வுகளுக்காக எர்ட்லுக்கு 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது. அறிவிப்பு வந்த அன்று அவருக்கு 71-ஆவது பிறந்த நாள்.

ஒட்டிய அணு விலகினால்தான் இந்த ஆட்டம் தொடரும். குளிர்ந்த எஞ்சினில் கார்பன் மோனாக்ஸைடே இடம் முழுவதையும் அடைத்துக்கொள்ள, ஆக்சிஜனுக்கு வழியில்லை. வண்டி கிளம்பிய முதல் நிமிடங்களில் நச்சுப்புகை அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சூடேறினால் அது விலகிவிடும். ஈயம் அப்படியல்ல. படிந்தால் போகாது, பிளாட்டினம் செயலிழந்துவிடும். கன்வெர்ட்டரோடு ஈயம் கலக்காத பெட்ரோலும் அந்த நான்கு நகரங்களுக்கு வந்தது அதனால்தான்.