தேதி போடாத பெட்டி

போன மாதம் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு என் மைத்துனர் தன் தென்னந்தோப்பில், கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வயது எழுபத்தொன்று. மோட்டார் போடப் போனவர். அந்த நேரத்தில் யாரும் இருட்டில் நடக்க வேண்டாம் என்றுதான் இரண்டு வருஷத்துக்கு முன் செல்போன் ஸ்டார்ட்டர் வாங்கிப் பொருத்தியிருந்தோம். வீட்டிலிருந்து ஒரு கால் போட்டால் மோட்டார் ஓடும், இன்னொரு கால் போட்டால் நிற்கும். அந்த ஸ்டார்ட்டர்தான் சில வாரங்களாக ஊமையாகிக் கிடந்தது.

சொந்தக்காரர்கள் "விதி" என்றார்கள். கடைக்காரர் "உங்க பக்கம் சிக்னல் இல்ல சார்" என்றார். இரண்டையும் நான் ஏற்கவில்லை. முப்பத்தாறு வருஷம் புதுச்சேரி அரசில் எழுத்தர் வேலை பார்த்தவன் நான். காரணம் எழுதாத கோப்பை மேலே அனுப்பிப் பழக்கமில்லை.

காரணம் தேடுவதற்குள் ஆன செலவைக் கேளுங்கள். முதலில் வந்த மெக்கானிக் ரிலேயை மாற்றினார். அடுத்தவர் உயரமான ஆன்டெனா விற்றார். மூன்றாமவர் போர்டே போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்றார். மொத்தம் 6,800 ரூபாய். பெட்டி பேசவில்லை.

கடைசியில் எங்கள் தெருவில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவர் லேப்டாப்போடு வந்து, பெட்டிக்குள் இருந்த தபால்தலை அளவு மாட்யூலுக்கு ஒரு ஒயர் கொடுத்தார். "ஏ.டி." என்று தட்டினார். "ஓகே" என்று பதில் வந்தது. "ஐயா, இதுக்கு உயிர் இருக்கு" என்றார். ஏ.டி. என்றால் அட்டென்ஷன். 1981-ல் அமெரிக்காவின் ஹேய்ஸ் கம்பெனி தன் மோடத்துக்கு வைத்த கட்டளை மொழி இன்றும் இந்தச் சின்னப் பொருள்களில் நடக்கிறது.

அடுத்து சிக்னல் அளவைக் கேட்டார். பூஜ்யம் முதல் 31 வரை மதிப்பெண், 99 வந்தால் தெரியவில்லை என்று பொருள். எங்களுக்கு 17 வந்தது. நல்ல மதிப்பெண்தான். ஆன்டெனா வாங்கியது வீண். பிறகு, கோபுரத்தில் பதிவாகியிருக்கிறாயா என்று கேட்டார். அதற்கு விடை எண்ணில் வரும்: ஒன்று என்றால் பதிவாகிவிட்டது, இரண்டு என்றால் தேடிக்கொண்டிருக்கிறது, மூன்று என்றால் மறுக்கப்பட்டது. எங்கள் அலுவலகப் பதிவேட்டில்கூட இவ்வளவு தெளிவு கிடையாது. எங்களுக்கு வந்த விடை ஒன்று. ஆக சிக்னல் உண்டு, பதிவும் உண்டு. கால் மட்டும் உள்ளே வரவில்லை.

காரணம் இதுதான். 4ஜி அடிப்படையில் டேட்டாவுக்கான வலை. அதில் குரல் அழைப்பு வர வேண்டுமானால் வோல்ட்டி என்ற வசதி மாட்யூலில் இருக்க வேண்டும். அது இல்லாத மாட்யூல், கால் வரும்போது 4ஜியை விட்டுப் பழைய வலைக்கு இறங்கித்தான் பேசும். எங்கள் பெட்டியில் வோல்ட்டி இல்லை. ரீசார்ஜ் விலை ஏறியதால் சில வாரங்களுக்கு முன் வேறு சிம் போட்டிருந்தோம். அந்த வலையில் இறங்கிப் பேச 2ஜி கிடையாது. 2ஜி உள்ள சிம் ஒன்றைத் தம்பி போட்டார், முதல் காலிலேயே மோட்டார் ஓடியது.

அட்டையில் "4ஜி" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். உண்மையில் அது 2ஜியை நம்பி வேலை செய்த பெட்டி. "இதில் வோல்ட்டி இல்லை" என்று ஒரு வரி இருந்திருந்தால் நாங்கள் சிம்மை மாற்றியிருக்க மாட்டோம். மைத்துனர் இன்று கட்டிலில் கிடக்க மாட்டார்.

இந்த விவரம் விற்றவர்களுக்குத் தெரியாதா? மாட்யூல் தயாரிப்பவர் தரும் விவரத்தாளில் எந்த வலை, எந்த அலைவரிசை, வோல்ட்டி உண்டா இல்லையா, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எல்லாம் இருக்கிறது. அதைப் படித்துத்தான் விலை குறைந்த மாட்யூலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அட்டைக்கு வரும்போது எல்லாம் மறைந்து "4ஜி" மட்டும் மிஞ்சுகிறது.

இன்னொரு கதையும் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடு, உரிமையாளர் சென்னையில். இரண்டாங்கட்டில் உள்ள நிலத்தடித் தொட்டியின் நீர்மட்டத்தை அங்கிருந்தே பார்க்க ஒரு சென்சார் வைத்தார். என்.பி. ஐ.ஓ.டி. என்ற குறைந்த மின்சார முறை, "பாட்டரி பத்து வருஷம்" என்ற வாக்குறுதி. ஐந்தாவது மாதம் பாட்டரி தீர்ந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர்தான் திட்டு வாங்கினார்.

அந்த முறையில் குற்றமில்லை. 2016-ல் வகுத்த நல்ல முறை. ஆனால் சிக்னல் மெலிந்த இடத்தில் அது ஒரே செய்தியை 128 தடவை வரை திருப்பித் திருப்பி அனுப்பும். கனத்த செட்டிநாட்டுச் சுவர்களுக்கு நடுவில், இரும்பு மூடிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு தொண்டை கிழியக் கத்தினால் பாட்டரி எப்படி நிற்கும்? அதோடு, நாள் முழுக்கத் தூங்கி ஒரு முறை மட்டும் விழிக்கும் வசதியைக் கருவி கேட்டால் போதாது, கோபுரமும் அனுமதிக்க வேண்டும். பத்து வருஷம் என்பது நல்ல சிக்னலில், தூங்க அனுமதிக்கும் வலையில் போட்ட கணக்கு. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது. பாட்டரியை ஆராயும் ஊருக்குப் பக்கத்திலேயே வந்து இப்படிக் கணக்குக் காட்டுகிறார்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இன்றும் பிரெஞ்சுப் பத்திரிகை படிக்கும் வழக்கம் உண்டு. அங்கே மினிடெல் என்ற வீட்டுத் தகவல் பெட்டியை 2012 ஜூன் 30-ல் நிறுத்தினார்கள், முன்கூட்டியே தேதி சொல்லி. ஆரஞ்ச் நிறுவனம் தன் 2ஜி, 3ஜி சேவைகள் எந்தெந்த வருஷம் நிற்கும் என்று 2022-லேயே அறிவித்தது. அப்படியும் லிஃப்டுகளின் அவசர போன்கள் 2ஜியில் இருக்கின்றனவே, அவற்றை என்ன செய்வது என்று அங்கே வாக்குவாதம் ஓயவில்லை. தேதி சொன்ன ஊரிலேயே இந்தப் பாடு.

இங்கே? 2020-ல் முகேஷ் அம்பானி 2ஜி பழங்கதையாக வேண்டும் என்று பேசினார். அதே வருஷம் ஏர்டெல் தன் 3ஜியை மூடி, 2ஜியை வைத்துக்கொண்டது. 2ஜி எப்போது போகும் என்று இன்று கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள். தேதியில்லாத உத்தரவு உத்தரவே அல்ல என்று எங்கள் சூப்பிரண்டு சொல்வார். நம் நாட்டுக்கு இது முடியாத காரியமும் இல்லை. 2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்தியபோது தேதி சொல்லித்தானே நிறுத்தினார்கள்?

"2ஜி இன்னும் ஓடுகிறது, எதற்குப் பதற்றம்?" என்பார்கள். என் பேச்சு 2ஜியை மூடுவதைப் பற்றியது அல்ல. மூடட்டும், மூடாமல் இருக்கட்டும். வாங்குகிற பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை மறைக்காதே என்பதுதான். "வயசானவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயசானவர்களுக்குத்தான் இது வேண்டும். இளைஞன் இருட்டில் நடந்து போய் மோட்டார் போட்டுவிடுவான்.

நாளைக்கு இது தோப்போடு நிற்காது. 2021-ல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் இலக்கு. தகவல் அனுப்ப ஒரு மாட்யூல் இல்லாமல் ஸ்மார்ட் மீட்டர் ஏது? செல்போன் ஸ்டார்ட்டருக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியமே தருகிறது. மானியம் தருகிறவர்களுக்கு, அட்டையில் நான்கு வரி அச்சடிக்கச் சொல்ல அதிகாரம் இல்லையா? 2006 முதல் ஃபிரிஜ்ஜுக்கும் ஏ.சி.க்கும் நட்சத்திரம் ஒட்டும் முறை இருக்கிறது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறது. இதற்கு மட்டும் ஏன் இல்லை?

அரசு செய்யும்வரை நாமே செய்வோம். கடையில் இந்த நான்கையும் கேளுங்கள். உள்ளே இருக்கும் மாட்யூலின் பெயரும் எண்ணும் என்ன? 4ஜி என்றால் வோல்ட்டி உண்டா, நம் தோப்பில் எடுக்கும் கம்பெனி சிம்மில் ஓடுமா? மின்சாரம் எங்கிருந்து? பம்புக்கு ஈ.பி. லைன் இருக்கிறது, குறைந்த மின்சார மாட்யூலுக்கு அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. ஆனால் 2ஜி மாட்யூல் பேசும்போது நொடிக்கும் குறைவான நேரம் 2 ஆம்பியர் வரை இழுக்கும், சோப்ளாங்கி அடாப்டர் என்றால் கால் வந்தவுடனே அணைந்து அணைந்து எழும். நான்காவது, பொருத்திய இடத்திலேயே ஓட்டிக் காட்டுவார்களா? கடை மேஜையில் ஓடுவது கணக்கில்லை.

பதிலை வாயால் வாங்காதீர்கள். பில்லின் பின்பக்கம் எழுதி, கையெழுத்தும் தேதியும் போடச் சொல்லுங்கள். போட மறுத்தால் பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

மைத்துனர் நேற்று, "அத்தான், தோப்புக்குத் தண்ணி விட்டாச்சா?" என்று கேட்டார். கட்டிலில் இருந்தபடியே போனை எடுத்து அவரையே கால் போடச் சொன்னேன். மோட்டார் ஓடியது. எத்தனை நாளைக்கு ஓடும் என்று கேட்டார். அட்டையில் போடவில்லை என்றேன்.